பால்பல்லுக்கு நரம்பு வைத்தியமா, புடுங்கிறதா? ரெண்டு டொக்டரும் ரெண்டு விதமா சொல்லினம்

வெள்ளவத்தை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு ஐஞ்சரை வயசு. கீழ வலப்பக்கம் கடைசிக் கொடுப்புப் பல்லு சூத்தை, மேல இடப்பக்கமும் கடைசிக்கு முதல் பல்லு சூத்தை. கீழ்ப்பல்லுதான் ஆளைப் போட்டு வருத்துது, ஐஸ்கிரீம் சாப்பிட்டா, டொஃபி சாப்பிட்டா கன்னத்தில கையை வச்சுக்கொண்டு அழுவா, கொஞ்ச நேரத்தில தானா விட்டிடும். போன கிழமை ஒருநாள் ராத்திரி நித்திரையால எழும்பி பல்லுக்கொதி எண்டு ஒரே அழுகை, பனடோல் சிரப் குடுத்து வாயையும் கொப்பளிக்க வச்ச பிறகுதான் படுத்தவ. மேல்பல்லு முந்தி நொந்தது, இப்ப ஒரு நோவும் இல்லை, முரசில மட்டும் சின்னப் பரு மாதிரி ஒண்டு வந்து வந்து போகுது.

முதல் காட்டின இடத்தில கண்ணாடியால பார்த்திட்டு ரெண்டையும் புடுங்குவம், பால்பல்லுதானே எண்டவர். மனம் கேக்காம வேற ஒராளிட்ட காட்டினம், அவ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திட்டுச் சொல்லுறா நோகாத மேல்பல்லைப் புடுங்கோணுமாம், நோகிற கீழ்ப்பல்லை வச்சிருக்கலாமாம், மேல இருக்கிற நரம்பை மட்டும் எடுத்து மருந்து வச்சு ஸ்டீல் தொப்பி ஒண்டு போடுறதாம். எனக்குத் தலைகீழாக் கிடக்கு. மாமி சொல்லுறா எப்பிடியும் விழப்போற பல்லு, காசைக் கரியாக்காத எண்டு. இவர் நெட்டைப் பார்த்திட்டு ரூட் கனால் எண்டு பயப்பிடுறார். பால்பல்லுக்கு இப்பிடிச் செய்தா உண்மையா நிண்டு பிடிக்குமா? செய்த ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ.


முகத்துவாரம் தம்பி:

புடுங்கி விடுங்க அக்கா. எங்க வீட்ல எல்லாருக்கும் புடுங்கித்தான் விட்டாங்க, இப்ப எல்லாருக்கும் பல் இருக்குதானே. இங்கிலாந்துல பெரிய ஆராய்ச்சி ஒண்ணு நடந்துச்சாம், ஃபில்லிங் பண்ணின பிள்ளைங்களுக்கும் பண்ணாத பிள்ளைங்களுக்கும் கடைசில நோவு ஒரே அளவுதானாம். எல்லாம் காசு வேலை.


கொட்டாஞ்சேனை அப்பா:

தம்பி சொல்றதுல பாதி சரி, ஏன்னா எங்களுக்கு காசு போனது உண்மை. மூத்தவனுக்கு ஆறு வயசுல கீழ் கடவாப்பல்லுக்கு இதே வேலைய செஞ்சோம், பேர் சொல்லல, பிரைவட் கிளினிக் ஒண்ணுதான். நரம்புக்கு மருந்து வச்சாங்க, தொப்பி போடணும்னு சொல்லவே இல்ல, மேல வெள்ளை ஃபில்லிங் மட்டும் அடைச்சு அனுப்பிட்டாங்க, எக்ஸ்ரேயும் எடுக்கல, திரும்பி வாங்கன்னும் சொல்லல. ஒரு வருசம் வரைக்கும் பிள்ளை ஒண்ணும் சொல்லல, நாங்களும் நல்லாயிடுச்சுன்னு இருந்தோம். அப்புறம் ஃபில்லிங் ஓரத்துல ஒரு துண்டு உடைஞ்சிச்சு, அடுத்த தீபாவளி நேரம் பார்த்தா முரசுல கொப்புளம், கன்னம் வீங்கி காய்ச்சல் வேற. ஃபார்மசில அமொக்சிசிலின் வாங்கிக் குடுத்தோம், வீக்கம் வத்துச்சு, நிப்பாட்டின கையோட திரும்ப வந்துச்சு. கடைசில புடுங்கித்தான் ஆகணும்னு வந்துச்சு. பிறகு அந்த இடம் மூடாம இருக்க கம்பி வளையம் ஒண்ணும் போட வேண்டியதாப் போச்சு, அதுக்கு தனி காசு.

அதனால நான் செய்ய வேணாம்னு சொல்ல வரல. செஞ்சா முழுசா செய்ற இடமா பாருங்க. மேல தொப்பி போடுவீங்களா, மறுபடி எப்ப எக்ஸ்ரே எடுப்பீங்கன்னு வாயத் திறந்து கேளுங்க.


பல்லுக்காரர்:

நான் பல் டொக்டர், கொழும்பிலதான் வேலை. பிள்ளையை நான் பார்க்கேல்ல, எக்ஸ்ரேயையும் பார்க்கேல்ல, அதால இதைச் செய்யுங்கோ எண்டு முடிவு சொல்லுறது சரியில்லை. ஆனா ரெண்டாவது டொக்டர் ஏன் அப்பிடிச் சொன்னவ எண்டதை விளங்கப்படுத்தலாம், அவ சொன்னது தலைகீழ் இல்லை தங்கச்சி, நோவை வச்சுப் பார்த்தாத்தான் தலைகீழாத் தெரியும்.

பால்பல்லில வெளி எனாமலும் உள்ள இருக்கிற டென்டீனும் மெல்லிசு, நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற கூழ்ப்பகுதி பல்லின்ட அளவுக்குப் பெருசு. அதின்ட கொம்பு மாதிரி முனையள் பல்லின்ட மேல்பக்கத்துக்குக் கிட்டவே நிக்கும். அதாலதான் பெரியாக்களுக்கு வருசக்கணக்கில இழுபடுற சூத்தை சின்னப் பிள்ளையளுக்குக் கெதியா நரம்பில போய் முட்டுறது, அதுவும் ரெண்டு பல்லுக்கு இடையில விழுற சூத்தை எண்டா இன்னும் கெதி. வெளியில பார்க்கச் சின்ன ஓட்டை மாதிரி இருக்கும், பல்லின்ட ஓர வரம்பு உடைஞ்சிருந்தா உள்ளுக்குள்ள கூழ் ஏற்கனவே வீங்கத் தொடங்கியிருக்கும் எண்டுதான் நாங்கள் எடுக்கிறது.

இந்த அழற்சி ஒரே நாளில பல்லு முழுக்கப் பரவாது. முதல்ல சூத்தைக்குக் கீழ இருக்கிற அந்தக் கொம்புப் பக்கம் மட்டும்தான். அப்ப இனிப்பு, குளிர் பட்டா சுரீர் எண்டும், எடுத்தா நிக்கும். இந்தக் கட்டத்தில கிருமி உள்ள போறதை நிப்பாட்டி அடைச்சு விட்டா கூழ் தன்ரபாட்டில ஆறிவிடும். அதைத் தாண்டிப் போனா ஒண்டும் சாப்பிடாமலே நோகும், நித்திரையால எழுப்பும், மணிக்கணக்கா நிக்கும். அதுக்கும் பிறகு கூழ் செத்திடும். செத்தா நோவு இல்லை, சீழ் மட்டும் வழி தேடி முரசால வெளியில வரும். உங்கட மகளின்ட மேல்பல்லில வந்து வந்து போற பரு அதுவா இருக்கத்தான் கூட வாய்ப்பு. சீழ் வெளியேற வழி இருக்கிறபடியாத்தான் நோகேல்ல. கொடுப்புப் பால்பல்லில கூழறையின்ட அடித்தளத்திலயே குட்டிக் குட்டி வாய்க்கால் இருக்கிறதால சீழ் வேர் நுனியில சேர முதல் வேர்களுக்கு நடுவிலதான் சேரும், எக்ஸ்ரேயில அந்த இடம் கறுப்பாத் தெரியும். அவ அதைப் பார்த்திருப்பா.

அதுக்காக நோவை மட்டும் நம்பேலாது. ஐஞ்சு வயசுப் பிள்ளைக்கு எந்தப் பல்லு எண்டே காட்டத் தெரியாது, கேட்டா ஓம் எண்டும் சொல்லும் இல்லை எண்டும் சொல்லும். ஒருநாளும் நொந்ததா சொல்லாத பிள்ளையளின்ட பல்லு செத்துப்போய்க் கிடக்கிறதை கிழமைக்குக் கிழமை பார்க்கிறன். எக்ஸ்ரே, முரசு, பல்லு ஆடுதா, தட்டினா நோகுதா, எல்லாத்தையும் சேத்துத்தான் முடிவு எடுக்கிறது. எக்ஸ்ரே இல்லாம ரெண்டையும் புடுங்குவம் எண்டது எனக்குப் பிடிக்கேல்ல, அவ்வளவுதான் சொல்லலாம்.

ஒரு கேள்வி. அந்த ராத்திரி நோவு வந்தண்டு படுக்க முதல் என்ன சாப்பிட்டவ? எவ்வளவு நேரம் நொந்தது?


வெள்ளவத்தை அம்மா:

இவ்வளவு விளக்கமா ஒருத்தரும் சொல்லேல்ல, பெரிய நன்றி. அண்டைக்குப் பின்னேரம் தங்கச்சி வீட்ட போட்டு வந்தனாங்கள், அங்க மிக்ஸர், கச்சான் எல்லாம் சாப்பிட்டவ, பிறகு பால் குடிச்சிட்டு அப்பிடியே நித்திரை. அரை மணித்தியாலம் அழுதிருப்பா. கொப்பளிக்கேக்க துண்டு துண்டா வந்தது, அதோட நிண்டிட்டுது. பனடோல் வேலை செய்யவும் நேரம் காணாது எண்டு இப்ப நீங்கள் கேக்கத்தான் யோசிக்கிறன். அதுக்குப் பிறகு ராத்திரி எழும்பேல்ல.


பல்லுக்காரர்:

அதுதான் கேட்டனான். ரெண்டு கொடுப்புப் பல்லுக்கு நடுவில ஓட்டை இருந்தா சாப்பாடு போய் இறுகி முரசை அழுத்தும், அந்த நோவு நரம்பு முழுக்கப் பழுதானது மாதிரியே இருக்கும், ராத்திரியில எழுப்பவும் செய்யும். துண்டு வெளியில வந்த உடனே நிண்டது எண்டா அது தானா வந்த நோவா இல்லாம இருக்கலாம். இதை அந்த டொக்டரிட்டயும் இப்பிடியே சொல்லுங்கோ, அவவின்ட முடிவுக்கு இது முக்கியம்.

அவ சொன்ன வைத்தியத்துக்குப் பேர் பல்பொட்டமி. ரூட் கனால் இல்லை, உங்கட இவரிட்டச் சொல்லுங்கோ. விறைக்க ஊசி போட்டு, பல்லைச் சுத்தி ரப்பர் துணி ஒண்டு மாட்டி, சூத்தையை எடுத்து, கூழறையில இருக்கிற அழற்சி பிடிச்ச பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. வேருக்குள்ள இருக்கிறதை உயிரோட விடுறது. பிறகு ஈரப் பஞ்சை வச்சு அழுத்திப் பிடிச்சுக்கொண்டு இருப்பம். இந்த வைத்தியத்தில நான் ஆகவும் கவனிக்கிறது அந்த நாலைஞ்சு நிமிசத்தைத்தான். பஞ்சை எடுக்க ரத்தம் நிண்டிருந்தா வேர்ப்பக்கம் நல்லா இருக்கு எண்டு எடுத்து மருந்தை வைக்கலாம். கடுஞ்சிவப்பா வடிஞ்சுகொண்டே இருந்தா அழற்சி வேருக்குள்ளயும் இறங்கீட்டுது. உள்ள ரத்தமே இல்லாம நாத்தமும் சீழும் எண்டா பல்லு செத்துப்போச்சு. அந்த ரெண்டிலயும் மருந்து வச்சு மூடினா பிறகு கொட்டாஞ்சேனை அண்ணையின்ட கதைதான் நடக்கும். அதால முதலே கேட்டு வையுங்கோ, திறந்து பார்த்து ரத்தம் நிக்காட்டி என்ன செய்வீங்கள் எண்டு. அப்ப ஒண்டில் வேர் வாய்க்காலையும் சுத்தம் செய்து கரையிற பேஸ்ட் நிரப்புறது, இல்லாட்டிப் புடுங்கிறது. பால்பல்லு வேர் தானாக் கரைஞ்சு போகோணும், அதால பெரியாக்களுக்கு வைக்கிற ரப்பர் மாதிரிப் பொருளை இங்க வைக்கிறேல்ல.

நிண்டு பிடிக்குமா எண்டு கேட்டீங்கள். அமெரிக்கக் குழந்தைப் பல் வைத்தியச் சங்கத்துக்காக ஆய்வுகளையெல்லாம் சேத்துப் பார்த்து 2017ல வந்த முடிவில, ரெண்டு வருசத்தில எம்டிஏ எண்ட சிமெந்து மாதிரி மருந்து வச்ச பல்பொட்டமி கிட்டத்தட்ட 90 வீதம் சரிவந்திருக்கு, ஃபோர்மோகிரெசோல் எண்ட பழைய மருந்து வச்சது 85 வீதம். கூழைத் திறக்காம, ஆழத்தில கொஞ்சம் சூத்தையை விட்டிட்டு அதுக்கு மேல இறுக்கமா அடைக்கிற முறைக்கு 94 வீதம். இதெல்லாம் சரியாத் தெரிவு செய்த பல்லுகளில வந்த கணக்கு, செத்த பல்லையும் சேத்து எண்ணினா இப்பிடி வராது. அந்தக் கடைசி முறை உங்கட கீழ்ப்பல்லுக்குச் சரிவருமா எண்டும் கேட்டுப் பாருங்கோ, தானா வந்த நோவு இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம் எண்டா நரம்பைத் தொடாமலே விடலாம் எண்டு சில பேர் முடிவெடுப்பினம். இப்ப எங்கட துறை போற போக்கும் அந்தப் பக்கம்தான், எவ்வளவு குறைய வெட்டலாமோ அவ்வளவு குறைய.

முகத்துவாரம் தம்பி சொன்ன ஆய்வு உண்மைதான், 2020ல வெளிவந்தது. மூண்டு தொடக்கம் ஏழு வயசுப் பிள்ளையள் 1,100க்கு மேல. வழக்கமா சுரண்டி அடைக்கிறது, சூத்தையை உள்ள வச்சு மூடுறது, பல்லுத் துலக்கிறது, ஃபுளோரைட் வார்னிஷ் பூசுறது எண்டு தடுப்பு மட்டும், இப்பிடி மூண்டு கூட்டமாப் பிரிச்சு ஏறக்குறைய மூண்டு வருசம் பார்த்தவை. மூண்டிலயும் நூற்றுக்கு 40 தொடக்கம் 45 பிள்ளையளுக்கு நோவோ சீழோ வந்திருக்கு, பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா தம்பி, அதில சேர்த்த பிள்ளையளுக்குத் தொடக்கத்தில நோவும் இல்லை, பருவும் இல்லை. இந்தப் பிள்ளைக்கு ஒரு பல்லில ரெண்டும் நடந்து முடிஞ்சிட்டுது. அந்த ஆய்வை வச்சு இந்தப் பல்லுக்கு ஒண்டும் செய்யாத எண்டு சொல்ல ஏலாது. எனக்கு அந்தக் கணக்கில தெரியிறது வேற, ஒருக்கா சூத்தை பிடிச்ச வாயில என்ன செய்தாலும் இவ்வளவு பிள்ளையள் நோவுக்குள்ள வருகினம், அப்ப முதல் சூத்தை வராமப் பார்க்கிறதிலதான் கை வைக்கோணும்.

இன்னொண்டு, ஏன் கீழ்ப்பல்லை இவ்வளவு பாடுபட்டு வச்சிருக்கிறது? ஆறு வயசளவில அதுக்குப் பின்னால முதல் நிரந்தரக் கொடுப்புப் பல்லு முளைக்கும். முன்னால இந்தப் பால்பல்லு இல்லாட்டி அது முன்னுக்குச் சரிஞ்சு வந்து குந்தி விடும். பிறகு பத்து, பன்ரெண்டு வயசில வரவேண்டிய பல்லுக்கு இடமில்லை, கம்பி போடு எண்டு ஓர்த்தோ டொக்டரிட்ட ஓடோணும். மாமி சொன்ன விழப்போற பல்லு இன்னும் அஞ்சு வருசமாவது நிக்க வேண்டிய பல்லு. மேல புடுங்கப்போற பல்லுக்கும் இடம் பிடிக்க வளையம் தேவையா எண்டு கேளுங்கோ, அது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறுபடும்.

சீழ் உள்ள பல்லை விட்டு வச்சாலும் சும்மா கிடக்காது, கீழ உருவாகிற நிரந்தரப் பல்லில வெள்ளை, மஞ்சள் தழும்பு, சொரசொரப்பு எல்லாம் வரலாம்.


மருதானை மாணவி:

சார், ஃபோர்மோகிரெசோல் கேன்சர் வரும்னு யூடியூப்ல போட்டிருந்தாங்களே? அப்போ இங்க அதத்தான் வைக்கிறாங்களா?


பல்லுக்காரர்:

அதில ஃபோர்மல்டிஹைட் இருக்கு. 1904ல பக்லி எண்டவர் சொன்ன கலவைதான் இவ்வளவு காலமும் உலகம் முழுக்கப் பாவிச்சது. உலக சுகாதார நிறுவனத்தின்ட புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ல ஃபோர்மல்டிஹைட்டை மனிசருக்குப் புற்றுநோய் தரக்கூடியது எண்ட பட்டியலில போட்டது, அது பெரும்பாலும் தொழிற்சாலைகளில வருசக்கணக்கா மூச்சில எடுத்த ஆக்களை வச்சு. பல்லுக்குள்ள பஞ்சில தொட்டு வைக்கிற அளவு துளியிலும் துளி. வச்ச பிள்ளையின்ட அம்மா இதை வாசிச்சுப் பயப்பிட வேண்டாம். ஆனா எம்டிஏ, பயோடென்டின் மாதிரி மருந்துகள் அதைவிட நல்ல முடிவு குடுக்கேக்க அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுக்கும் காரணம் இல்லை. என்ன மருந்து வைக்கிறீங்கள் எண்டு கேக்கலாம், ஒரு டொக்டரும் கோவிக்கமாட்டார். எம்டிஏ விலை கூட, சிலதில பல்லு சாம்பல் நிறமாகும், தொப்பிக்குள்ள இருக்கிறதால அது தெரியாது.


தெஹிவளை உம்மா:

எங்கட மகனுக்கு நாலு வயசு ஈக்கும்போதே ரெண்டு கொடுப்புப் பல்லுக்கு ஸ்டீல் தொப்பி போட்டாச்சு. ஊசி இல்ல, சுரண்டல் இல்ல. மொதல்ல பல்லுக்கு இடையில சின்ன ரப்பர் வளையம் ஒண்ட சொருகி அனுப்பினாங்க, கொஞ்ச நாள் கழிச்சு போனா அந்த இடம் லேசா விலகி ஈந்திச்சு. பிறகு தொப்பிக்குள்ள சிமெந்து போட்டு பல்லுக்கு மேல வச்சு டொக்டர் பெருவிரலால அமுக்கினாங்க, மேல பஞ்சு உருண்டைய வச்சு கடிக்கச் சொன்னாங்க, டக்குண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். முரசு ஓரம் வெள்ளையா வெளிறி ஈந்திச்சு, பத்து நிமிசத்தில பழைய நிறம். ரெண்டு மூணு நாள் கடிக்கும்போது தொப்பி மட்டும் முட்டுது, மத்தப் பல்லெல்லாம் எட்டலண்டு ஒரே புகார், பிறகு தானா சரியாகிட்டு. ஸ்கூல்ல கூட்டாளிமாருக்கு வாயத் தொறந்து காட்டுறதுதான் இப்ப அவருக்கு வேல, அயன்மேனாம்.

இவருக்கு முன்பல்லில கருப்பு மருந்தும் பூசினாங்க. சூத்தை நிண்டிச்சு, ஆனா பல்லு கன்னங்கரேல், ஃபோட்டோவில பாக்க ஒரு மாதிரி. அல்ஹம்துலில்லாஹ் அதுவும் விழுந்து புதுப்பல்லு வந்தாச்சு.


பல்லுக்காரர்:

தெஹிவளை உம்மா சொல்லுறது ஹோல் முறை. நோர்னா ஹோல் எண்ட ஸ்கொட்லாந்துப் பல் டொக்டர் ஒருவர் தன்ர கிளினிக்கில செய்துகொண்டு வந்தது, பிறகு டண்டீ பல்கலைக்கழகத்தில வடிவா ஆராய்ஞ்சு 2007ல வெளியிட்டவை, ஐஞ்சு வருசம் பார்த்தும் சாதாரண ஃபில்லிங்கை விட நல்லா நிண்டிருக்கு. கிருமியை உள்ள வச்சு இறுக்கி மூடினா சீனி கிடைக்காமப் பட்டினியில கிடக்கும், கூழும் ஆறும். நோவும் பருவும் வராத பல்லுக்குத்தான் இது. கறுப்பு மருந்து சில்வர் டயமீன் ஃபுளோரைட், 38 வீதக் கரைசல், 2021ல இருந்து உலக சுகாதார நிறுவனத்தின்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலயும் இருக்கு. கூழ் வரைக்கும் போன பல்லுக்கு அதைப் பூசுறேல்ல.

கொட்டாஞ்சேனை அண்ணைக்கு நடந்ததும் இதோட சம்பந்தம்தான். பால்பல்லு வைத்தியம் தோக்கிறது கனக்க மருந்தால இல்லை, மேல அடைச்சது கசியிறதால. ரெண்டு பக்கம் உடைஞ்ச பல்லில வெள்ளை ஃபில்லிங் ஓட்டை ஓரமாக் கசிஞ்சு எச்சிலும் கிருமியும் திரும்ப உள்ள போகும். அதால கூழ் வைத்தியம் செய்த கொடுப்புப் பல்லுக்கு ஸ்டீல் தொப்பிதான் முதல் தெரிவு, வடிவு இல்லை எண்டாலும். அமொக்சிசிலினும் அப்பிடித்தான், செத்த கூழுக்குள்ள ரத்த ஓட்டம் இல்லை, மருந்து எப்பிடிப் போகும்? சீழ் வாற இடத்தை எடுக்காம குளிசையால மட்டும் அடக்கினா நிப்பாட்டின உடனே திரும்பும். காய்ச்சலும் கன்னவீக்கமும் இருக்கேக்க டொக்டர் எழுதினா குடுக்கோணும், வெறும் பல்லுக்கொதிக்கு ஃபார்மசியில வாங்கக் கூடாது. அதோட நோவுக்குச் சின்னாக்களுக்கு அஸ்பிரின் வேண்டாம், பனடோல்தான், நிறைக்கு ஏத்த அளவு.

வீக்கம் கண்ணுக்கு ஏறினா, நாடிக்குக் கீழ கழுத்துக்கு இறங்கினா, வாய் திறக்க ஏலாம எச்சில் வடிஞ்சா, விழுங்கக் கஷ்டப்பட்டா அப்பொயின்ட்மென்ட் பார்த்துக்கொண்டு இருக்கிறேல்ல, நேர பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ, இல்லாட்டி 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.


கொட்டாஞ்சேனை அப்பா:

இப்ப விளங்குது டொக்டர். சின்னவளுக்கு இந்த தடவை பிரைவட் போகல, ஸ்கூல் டென்டல் கிளினிக்ல மிஸ் ஒருத்தங்க பார்த்தாங்க, ரொம்ப பொறுமை, பிள்ளைக்கு முதல்ல கண்ணாடிய கைல குடுத்து விளையாட விட்டாங்க. ஒரு சதம் செலவில்ல. பெரிய வேலைன்னா வோர்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரிக்கு துண்டு எழுதித் தாறேன்னும் சொன்னாங்க.


பல்லுக்காரர்:

ஓம், காசு பிரச்சினை எண்டா அதுதான் வழி. பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் மூண்டு தொடக்கம் பதின்மூண்டு வயசுப் பிள்ளையளைத்தான் பார்க்கிறவை. வோர்ட் பிளேஸில தேசிய பல் வைத்தியசாலையும் இலவசம், வெள்ளன போகோணும், அவ்வளவுதான். தங்கச்சி, எக்ஸ்ரே கொப்பியை எங்க போனாலும் கையோட கொண்டு போங்கோ.


வெள்ளவத்தை அம்மா:

எல்லாருக்கும் ஒரு அப்டேட். ரெண்டாவது டொக்டரிட்டயே போனம். ராத்திரிக் கதையைச் சொன்ன உடனே அவவும் அதே கேள்விதான் கேட்டவ, படுக்க முதல் என்ன சாப்பிட்டது எண்டு. மேல்பல்லின்ட எக்ஸ்ரேயை லைட்டில பிடிச்சுக் காட்டினவ, வேர்களுக்கு நடுவில புகை மாதிரி கறுப்பு, நீங்கள் சொன்ன இடம்தான். அதை எடுத்தாச்சு, வளையம் இப்ப தேவையில்லை, பார்த்துச் செய்வம் எண்டவ.

கீழ்ப்பல்லைத் திறந்து பஞ்சு வைக்கேக்க நான் பக்கத்தில நிண்டு பார்த்தனான், பிள்ளையின்ட முகத்தில நீல ரப்பர் துணி, கால் மட்டும் ஆட்டிக்கொண்டு கார்ட்டூன் பார்க்கிறா, எனக்குத்தான் நெஞ்சு இடிக்குது. பஞ்சை எடுத்திட்டு இங்க பாருங்கோ அம்மா, நிண்டிட்டுது எண்டவ. சாம்பல் நிற மா மாதிரி மருந்தைக் குழைச்சு வச்சு, அடைச்சு, தொப்பியும் அண்டைக்கே போட்டாச்சு. ஆறு மாசத்தில எக்ஸ்ரே எடுக்க வரட்டாம். உள்ளுக்குள்ள வேர் அரிக்கத் தொடங்கினா நோவே இல்லாம நடக்குமாம், படத்திலதான் தெரியுமாம், அதால நல்லா இருக்கு எண்டு வராம விடாதீங்கோ எண்டு சொல்லித்தான் அனுப்பினவ. ராத்திரிப் பாலை நிப்பாட்டியாச்சு, துலக்கினால் பிறகு தண்ணி மட்டும். 1000 பிபிஎம் ஃபுளோரைட் உள்ள பேஸ்ட் பார்த்து வாங்கினம், துலக்கிறது நான்தான், அவ இல்லை.

மாமிக்கு இன்னும் திருப்தி இல்லை. அவ கேக்கிறா, இரும்புத் தொப்பி போட்ட பல்லு பிறகு எப்பிடி விழும், புதுப்பல்லு வர விடாதே எண்டு. எனக்கும் பதில் தெரியேல்ல.


பல்லுக்காரர்:

மாமிக்குச் சொல்லுங்கோ, தொப்பி பல்லின்ட தலையில மட்டும்தான் இருக்கு, வேரைப் பிடிச்சுக்கொண்டு இல்லை. கீழ இருந்து நிரந்தரப் பல்லு மேல வரேக்க பால்பல்லு வேர் வழமை போலக் கரையும், பல்லு ஆடும், ஒருநாள் தொப்பியோட சேந்து விழும். கூழ் வைத்தியம் செய்த பல்லு சில நேரம் கொஞ்சம் முந்தி விழும், சிலது பிந்தும், மற்றப் பக்கத்துப் பல்லு விழுந்து கனநாளாகியும் இது ஆடாம நிண்டா காட்டுங்கோ. ஒட்டிற டொஃபி மட்டும் வேண்டாம், தொப்பியைக் கழட்டிக்கொண்டு வந்திடும். கழண்டா எறியாம எடுத்துக்கொண்டு அண்டைக்கோ மற்ற நாளோ போங்கோ, வளைஞ்சு நெளிஞ்சு போகாட்டித் திரும்ப ஒட்டலாம்.


தெஹிவளை உம்மா:

எங்கட மகன்ட ஒண்டு போன மாசம் தொப்பியோடதான் விழுந்திச்சு, அவர் அத தேய்ச்சுக் கழுவி பென்சில் பெட்டியில வச்சீக்காரு, தொட விடுறாரில்ல.